காற்று தள்ளுவது எத்தனை கிலோ?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் நிகழ்த்திய பேச்சு)



களத்து மேட்டில் நின்று முறத்தைத் தலைக்கு மேலே தூக்கி நெல் தூற்றாத கை நம்மில் அதிகம் இருக்காது. இன்றைக்கு அறுவடை மெஷினே தூற்றிக் கொடுத்துவிடுகிறது என்றாலும், அந்த வேலையை மறந்திருக்க மாட்டீர்கள். நெல் காலடியில் விழும். பதர் நாலு முழம் தள்ளிப் போய் விழும். இரண்டின் மேலேயும் பட்டது ஒரே காற்றுதான். உருவத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது, அதனால் காற்று கொடுத்த தள்ளும் ஏறக்குறைய ஒன்றே. நெல்லுக்குள்ளே அரிசி இருக்கிறது, அந்தக் கனம் காற்றுக்கு அசைந்து கொடுக்கவில்லை. பதருக்குக் கனம் இல்லை, போய்விட்டது. இவ்வளவுதான் விஷயம்.

இந்தத் தள்ளுக்கு விஞ்ஞானப் புத்தகத்தில் 'இழுவிசை' என்று பெயர். தள்ளுவதை ஏன் இழுப்பது என்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஓடுகிற படகைத் தண்ணீர் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது பாருங்கள், அதை வைத்து வந்த பெயர். படகு ஓடித் தண்ணீர் நின்றாலும், மரம் நின்று காற்று ஓடினாலும் கணக்கு ஒன்றுதான். நான் இன்றைக்குத் தள்ளு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

2022 டிசம்பர் 9-ஆம் தேதி நடு இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். விடிந்த பிறகு திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தார் விட்ட மரங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. தோட்டத்துப் பெரியவர் என்னைப் பார்த்து, "இன்னா சார், வர்தாவுல இதைவிடப் பெரிய காத்து அடிச்சுது, இது அதுல பாதிகூட இல்லைன்றாங்க. இருந்தும் சாஞ்சுபோச்சே, எவ்ளோ கனமாத்தான் தள்ளியிருக்கும்?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. நஷ்டக் கணக்கு எழுதுகிற அவசரம். அவர் கேட்ட கேள்விக்குத்தான் இப்போது பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சுலபமான வாய்ப்பாடு. ரேடியோவிலே புயல் எச்சரிக்கை சொல்லும்போது "மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம்" என்கிறார்கள் அல்லவா? அந்த எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். பிறகு பாதியாக்குங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேலே காற்று எத்தனை கிலோ கனத்தோடு சாய்கிறது என்பது கிடைத்துவிடும். சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய பத்தே முக்கால் சதுர அடி. ஒரு சாதாரணக் கதவில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

போட்டுப் பார்ப்போம். தூற்றுகிற காற்று மணிக்கு 20 கிலோமீட்டர். பத்தால் வகுத்தால் இரண்டு. ஈரிரண்டு நாலு. அதில் பாதி 2 கிலோ. 40 கிலோமீட்டர் என்றால், நாநான்கு பதினாறு, பாதி 8 கிலோ. 80 கிலோமீட்டர் என்றால், எட்டெட்டு அறுபத்து நாலு, பாதி 32 கிலோ. கவனித்தீர்களா? வேகம் இரண்டு மடங்கு ஆகும்போது தள்ளு நாலு மடங்கு ஆகிறது. வேகம் நாலு மடங்கானால் தள்ளு பதினாறு மடங்கு. நாம் ஏமாந்துபோகிற இடம் இதுதான்.

அதெப்படி நாலு மடங்கு ஆகும்? ஒரு முறத்தை நிறுத்தி வைத்து, எதிரே நின்று நெல்லை அள்ளி அள்ளி வீசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மடங்கு வேகத்தில் நெல் பறந்து வந்தால் ஒவ்வொரு மணியும் இரண்டு மடங்கு பலமாக அடிக்கும். அது ஒன்று. வேகமாக வருவதால், ஒரு நொடிக்குள்ளே வந்து அடிக்கிற மணிகளின் எண்ணிக்கையும் இரண்டு மடங்கு ஆகிவிடும். அது இன்னொன்று. இரண்டு தரம் இரண்டு நாலு. காற்றும் கண்ணுக்குத் தெரியாத மணிகளால் ஆனதுதான். ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1 கிலோ 200 கிராம். காற்றுக்குக் கனமே இல்லை என்று நினைப்பது தவறு.

மாண்டஸ் கரை கடந்தபோது காற்று மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர். நடுவிலே 70 என்று வைப்போம். ஏழேழ் நாற்பத்தொன்பது, பாதி 24½ கிலோ. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி சென்னையைத் தாக்கிய வர்தாவில் காற்று நூறு கிலோமீட்டரைத் தாண்டியது. கணக்குக்கு 110 என்போம். பதினொன்று தரம் பதினொன்று 121, பாதி 60½ கிலோ. வேகத்தில் வர்தா ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், தள்ளில் இரண்டரை மடங்கு. ஆக, பெரியவர் கேட்டது சரிதான், தள்ளிலே மாண்டஸ் வர்தாவில் பாதிகூட இல்லை. ஆனால் அந்தப் பாதிக்கும் குறைந்ததை வாழை தாங்குமா என்பதுதானே கேள்வி?

நன்றாக வளர்ந்த ஒரு வாழையின் கொண்டை காற்றுக்குக் காட்டுகிற முகம் 3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 24½ கிலோவை மூன்றால் பெருக்கினால் 73 கிலோ. ஒரு முழு ஆள் மரத்தின் தலையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் தொங்குவது மாதிரி. அதுவும் எட்டடி உயரத்தில். கடப்பாரையின் நுனியைப் பிடித்து அழுத்தினால் பாறையே பெயர்கிறது, அடியைப் பிடித்து அழுத்தினால் ஒன்றும் ஆவதில்லை. உயரம் கூடக்கூட நெம்பும் பலம் கூடும். வாழையின் வேரோ மேலாகப் படர்ந்தது, மண்ணோ மழையில் ஊறிக் கூழாகிப் போனது. காற்று ஒரே சீராகவும் அடிப்பதில்லை, விட்டு விட்டு வீசி மரத்தை ஆட்டி ஆட்டி வேரைத் தளர்த்துகிறது. இத்தனைக்கும் மேலே தாரின் பாரம் ஒரு பக்கம். சாயாமல் என்ன செய்யும்?

இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும். நான் போட்ட 73 கிலோ, இலை பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றால்தான். வாழை அப்படி நிற்பதில்லை. காற்று பலமானதும் இலை நரம்புக்கு நரம்பு கிழிந்து நாராகிவிடுகிறது. இலை கிழிந்துவிட்டதே, விருந்துக்கு ஆகாதே என்று நமக்கு வருத்தம். மரத்துக்கோ அதுதான் உயிர் தப்பும் வழி. கிழிந்த இலைக்குள்ளே காற்று புகுந்து போய்விடுகிறது, தள்ளு வெகுவாகக் குறைகிறது. அமெரிக்காவிலே ஸ்டீவன் வோகல் என்ற உயிரியல் பேராசிரியர், மர இலைகளைக் காற்று ஊதும் குழாய்க்குள் வைத்து அளந்து 1989-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காற்று வேகமாகும்போது பல இலைகள் கூம்பு மாதிரிச் சுருண்டுகொண்டு தள்ளைக் குறைத்துக்கொள்வதை அதில் காட்டினார். கடலை மடித்துத் தரும் காகிதப் பொட்டலம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவத்துக்கு அவ்வளவு மதிப்பு உண்டு. நம் வாய்ப்பாட்டில் வருகிற கிலோவை, பொருளின் வடிவத்துக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்கிக்கொள்ள வேண்டும். காற்றுக்கு நேராக நிற்கிற தட்டைப் பலகைக்கு அந்த எண் 1.2. உருண்டைக்குச் சுமார் அரை. மீன் மாதிரி முன்னே தடித்து வால் பக்கம் ஒடுங்கிய உருவத்துக்கு இருபதில் ஒன்றுதான். மீனுக்கும் மரக்கலத்துக்கும் அந்த வாகு வந்தது சும்மா இல்லை.

மாமல்லபுரத்தில் சரிவுப் பாறை மேலே உட்கார்ந்திருக்கிற வெண்ணெய் உருண்டையைப் பார்க்காதவர் யார்? ஆறு மீட்டர் உயரம், ஐந்து மீட்டர் அகலம். காற்றுக்குக் காட்டுகிற முகம் சுமார் 23 சதுர மீட்டர். 110 கிலோமீட்டர் காற்றில் அதன் மேலே விழுகிற தள்ளு, அரையால் பெருக்கிய பிறகு, ஏறக்குறைய 700 கிலோ. பாறையின் எடையோ சுமார் 250 டன் என்கிறார்கள். முந்நூற்றைம்பதில் ஒரு பங்கு தள்ளுக்கு அது எங்கே அசையப் போகிறது? 1908-ல் சென்னை கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானை கட்டி இழுத்தும் அசையவில்லை என்று அங்கே கதை சொல்வார்கள். யானைக்கு அசையாததை நெல் என்று சொல்லலாம். நம் மாட்டுக்கொட்டகையின் தகரம் பதர்.

பத்தடி நீளம், மூன்றரை அடி அகலம் உள்ள ஒரு தகரம் 3¼ சதுர மீட்டர். 80 கிலோமீட்டர் காற்றுக்கு நேராக எழும்பி நின்றால் அதன் மேலே நூற்றிருபது கிலோவுக்கு மேல் தள்ளு. தகரத்தின் எடை பதினைந்து கிலோகூட இராது. ஒரு முனையில் ஆணி தளர்ந்து தகரம் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டால், பிறகு அது கூரை இல்லை, பறக்கிற அரிவாள். அதுவும் தவிர, கூரை மேலே ஓடுகிற காற்று தகரத்தை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. கொட்டகையின் ஒரு பக்கம் மட்டும் திறந்து, காற்று அந்தப் பக்கமாகவே உள்ளே புகுந்தால், உள்ளிருந்தும் தூக்கும். அதனால் ஆணியை நம்பாதீர்கள். கொக்கி போல்ட்டு போட்டு, வாஷர் வைத்து, கீழே உள்ள மரத்தோடு பிடித்துக் கட்டுங்கள். கூரை மேலே சும்மா கல்லை ஏற்றி வைக்கிற பழக்கம் வேண்டாம், தகரம் போகும்போது கல்லும் கூடவே வரும்.

சரி, பயிருக்கு என்ன செய்யலாம்? கணக்கிலேயே வழி இருக்கிறது. பரப்பைக் குறைக்கலாம், உயரத்தில் பிடிப்பு கொடுக்கலாம், காற்றின் வேகத்தையே குறைக்கலாம். வாழையில் பழுத்த இலை, முறிந்த இலை, கீழே தொங்கும் இலைகளைக் கழித்துவிடுங்கள். ஆனால் மொட்டையடித்துவிடாதீர்கள், இலை இல்லாமல் தார் பெருக்காது. முட்டுக்கொடுப்பது சவுக்குக் கழியோ மூங்கிலோ எதுவானாலும், மரத்தின் இடுப்பில் கட்டாமல் கொண்டைக்குக் கீழே, தார் தொங்கும் பக்கமாக, இரண்டு கழியைக் கத்தரிக்கோல் மாதிரி வைத்துக் கட்டுங்கள். நெம்புவது மேலே இருக்கும்போது பிடிப்பும் மேலேதான் இருக்கவேண்டும். தென்னையில் கனத்த அடி ஓலைகளையும் முற்றின காயையும் இளநீரையும் இறக்கிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள், மண் இறுகினால் வேர் பிடித்துக்கொள்ளும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்தபோது தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் தோப்போடு சாய்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த வேகத்துக்கு எதுவும் முழுப் பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 70, 80 கிலோமீட்டர் காற்றுக்கு இந்தக் கைவேலைகள் பலன் தரும்.

வேகத்தைக் குறைக்கச் சவுக்கு இருக்கிறதே! நம் கடற்கரை மணலில் அதைப்போல நிற்பது வேறொன்றும் இல்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக்கூட உப்புக் காற்றிலும் மணல் வீச்சிலும் இருந்து காப்பாற்றச் சவுக்கு நட்டிருக்கிறார்கள். தோட்டத்தின் கடல் பக்கமாக நாலைந்து வரிசை சவுக்கு வைத்து, அது முப்பதடி உயரம் வளர்ந்தால், அதைப்போலப் பத்து மடங்கு தூரம், அதாவது முந்நூறடி வரை காற்று நன்றாகத் தணியும். வேகம் பாதியானால் தள்ளு கால்பங்குதான், மறந்துவிடாதீர்கள். பலர் செய்கிற தப்பு, மதில் சுவர் மாதிரி இடைவெளியே இல்லாமல் அடைத்துவிடுவது. காற்று சுவரைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் சுழன்று விழும், பயிரைப் புரட்டும். பாதிக் காற்று புகுந்து போகவேண்டும், பாதி தடுக்கப்படவேண்டும். சல்லடை மாதிரி இருக்கணும், தட்டு மாதிரி இருக்கக்கூடாது.

இதுவரை சொன்னது தள்ளு. இனி அந்தத் தள்ளை எதிர்த்து வேலை செய்வதற்கு எவ்வளவு திறன் வேண்டும் என்று பார்ப்போம். தள்ளை வேகத்தால் பெருக்கினால் திறன். நொடிக்கு 75 கிலோவை ஒரு மீட்டர் நகர்த்தினால் ஒரு குதிரைத்திறன்.

ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நடந்திருப்பீர்கள். தண்ணீர் காற்றைப்போல எண்ணூறு மடங்குக்கு மேல் கனம். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போனால் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ எதிர்க்கும். வேகம் இரண்டு மீட்டர் என்றால் 200 கிலோ, மூன்று மீட்டர் என்றால் 450 கிலோ. தண்ணீருக்கு உள்ளே இருக்கிற உங்கள் உடம்பின் முகம் 0.3 சதுர மீட்டர் என்போம். மெதுவாக, நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் எதிர்ப்பு 15 கிலோ, அதற்கு வேண்டிய திறன் குதிரைத்திறனில் ஐந்தில் ஒரு பங்கு. கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்கும். சரி, ஓடிப் பார்க்கலாம் என்று இரண்டு மீட்டர் வேகத்துக்கு முயன்றால், எதிர்ப்பு 60 கிலோ, அதை இரண்டு மீட்டரால் பெருக்கினால் 120, அதாவது 1.6 குதிரைத்திறன். மனுஷனால் ஆகாது! வேகம் இரண்டு மடங்கு, தள்ளு நாலு மடங்கு, திறன் எட்டு மடங்கு. தண்ணீரில் ஏன் ஓட முடிவதில்லை என்பதற்கு இதுதான் காரணம், பலம் போதாமல் இல்லை.

கோவளத்திலும் கொக்கிலமேட்டிலும் ஃபைபர் படகு ஓட்டுகிற நம் மீனவ சகோதரர்களுக்கு இந்த எட்டு மடங்கு எண்ணெய்ச் செலவாகவே தெரியும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் வேண்டிய திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். வீடு சேரக் கால்பங்கு நேரம் கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்பது கணக்கு. அலையும் பாரமும் இதைக் கொஞ்சம் மாற்றும்.

நம் பம்புசெட்டுக்கும் இது பொருந்தும். குழாய்க்குள்ளே ஓடும் தண்ணீரைக் குழாயின் சுவர் பிடித்து இழுக்கிறது. ஆயில் எஞ்சின் வைத்து இறைப்பவர்கள், பழைய இரண்டரை அங்குலக் குழாயை எடுத்துவிட்டு மூன்று அங்குலம் போட்டால், அதே தண்ணீருக்கு உராய்வு நட்டம் இரண்டரையில் ஒரு பங்காகக் குறையும். அரை அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட ஒரு கணக்கு. 2015-லும் 2021-லும் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பார்த்தோம். தரைப்பாலத்தின் மேலே முழங்கால் அளவுதானே ஓடுகிறது, தாண்டிவிடலாம் என்று இறங்குகிறார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர் நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் ஓடினால் இரண்டு காலின் மேலும் சேர்ந்து 26 கிலோ தள்ளு. மூன்று மீட்டர் வேகம் என்றால் 58 கிலோ. பாசி பிடித்த சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டு இதைத் தாங்கணும். இடுப்பளவு என்றால் இரண்டு மீட்டர் வேகத்திலேயே 60 கிலோ. அதோடு, இடுப்புவரை தண்ணீரில் நின்றால் உங்கள் உடம்பின் கனம் பாதிக்குக் கிட்டத் தெரியாமல் போய்விடும், கால் தரையில் பதியாது. தள்ளு கூடுகிறபோதே பிடிப்பு குறைகிறது. நெல்லாக இருந்தவர் பதராகிவிடுகிறார்.

வண்டியில் இருந்தால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டு முகம் மனிதனின் காலைவிடப் பெரியது. காரோ இரண்டடித் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும். மாட்டை முன்னே விட்டுப் பின்னால் போகிற பழக்கமும் வேண்டாம், மாட்டின் விலா எவ்வளவு அகலம் என்று உங்களுக்கே தெரியும்.

வேகத்தை எப்படி அளப்பது? கரையிலேயே நின்று பத்து மீட்டர் தூரம், அதாவது முப்பத்து மூன்று அடி, அளந்து இரண்டு முனையிலும் குச்சி நடுங்கள். மேல்குச்சிக்கு நேரே, ஓட்டத்தின் நடுவில் விழுகிற மாதிரி ஒரு தேங்காய் மட்டையை வீசுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்க்குச்சியை அது பத்து நொடியில் தாண்டினால் நொடிக்கு ஒரு மீட்டர். ஐந்து நொடியில் தாண்டினால் இரண்டு மீட்டர். மூன்று நொடிக்குள்ளேயே தாண்டிவிட்டால், குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.